அம்மா பேசாதிருந்த வாரங்கள்

என் மூளையில் இரத்தக்கட்டி அடைத்துக்கொண்டதை மட்டும் எழுதச் சொன்னால் ஒரு பக்கத்தில் முடித்துவிடுவேன். அது ஒரு காலைப்பொழுதில் நடந்து முடிந்தது. முடியாமல் நீண்டவை அதற்குப் பின் வந்த வாரங்கள். அந்த வாரங்களில் என் அம்மா என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் குணமாக வேண்டும் என்பதற்காகவே என்னோடு ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படியே எழுந்து ஊருக்குப் போய்விடுவாளோ என்பதுதான், கை வருமா கால் வருமா என்பதைவிட, எனக்கு அப்போது பெரிய பயமாக இருந்தது. இதே நோயில் கிடக்கும் ஒருவரின் வீட்டார் யாரேனும் படித்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன். இடது கையால் எழுதுகிறேன். தவறும் சொற்களை மகள் நித்யா திருத்துகிறாள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு உருக்காலையில் எனக்கு வேலை. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பேன். கிரேன் தூக்கிப்போகும் சுமைக்குக் கீழே நிற்காதே, தலைக்கவசத்தின் வாரை இறுக்கு, சூடான கம்பியைத் தாண்டாதே. இவற்றையே உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலும், தடா, சூளூர்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தெலுங்கிலும், ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களுக்கு இந்தியிலும் சொல்லுவேன். மூன்று முறை சொல்லும் பொறுமை உனக்கு எங்கிருந்து வருகிறது என்று என் கணவர் கேட்பதுண்டு. அது எனக்குப் பொறுமையாகவே தெரிந்ததில்லை. ஆளைப் பார்த்ததும் அந்த ஆளுக்குரிய மொழி தானாக நாவுக்கு வரும். எங்கள் பக்கத்தில் பலருக்கும் அப்படித்தான்.

அந்த வசதிதான் அன்று என்னைக் கெடுத்தது. வகுப்பின் நடுவில் வாய் என் பிடியை விட்டு நழுவியது. ஏதோ ஒலிகள் வந்தன. அவை சொற்கள் அல்ல என்று எனக்கே தெரிந்தது. எதிரே இருந்தவர்களோ மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தெலுங்கில் பேசுகிறேன் என்று தமிழ்ப் பிள்ளைகள் நினைத்தார்களாம். தெலுங்குக்காரர்கள் அதை இந்தி என்று நினைத்தார்கள். ஒடிசாக்காரர்களுக்கு அது தமிழ். எல்லோரும் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். வலது கையிலிருந்த தலைக்கவசம் தரையில் விழுந்து உருண்ட பிறகுதான் ஒருவன் எழுந்து ஓடிவந்தான்.

ஆம்புலன்ஸ் திருவள்ளூர்ப் பக்கமுள்ள ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனது. பக்கவாதத்தில் முதல் சில மணி நேரம்தான் பொன். மூளைக்குப் போகும் குழாயில் கட்டி அடைத்திருக்கிறதா, அல்லது குழாய் வெடித்து இரத்தம் கசிகிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். அடைப்பு என்றால் அதைக் கரைக்க ஊசி உண்டு. கசிவு என்றால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். எனக்கு அடைப்பு. ஊசி போட்டார்கள். உயிர் மிஞ்சியது, கால் பாதி மிஞ்சியது, கை கொஞ்சம் மிஞ்சியது. பேச்சு மட்டும் மிஞ்சவில்லை.

அதற்கு மருத்துவத்தில் ‘அஃபேசியா’ என்று பெயர், பேச்சிழப்பு எனலாம். இதில் நாக்குக்கும் தொண்டைக்கும் குறையில்லை, அறிவுக்கும் குறையில்லை. தண்ணீர் வேண்டும் என்ற எண்ணம் முழுதாக இருக்கும்; அந்த எண்ணத்திலிருந்து சொல்லுக்குப் போகும் வழிதான் இடிந்திருக்கும். நாற்காலி என்று சொல்லப் போனால் ‘தட்டு’ என்று வரும். ஆமாம் என்ற இடத்தில் இல்லை வரும். மற்றவர் பேசுவது புரிகிறது என்பதை அவர்களுக்குப் புரியவைக்கவும் சொல் வேண்டுமே! மருத்துவர் என் காலருகே நின்று என் கணவரிடம் என்னைப் பற்றிப் பேசுவார், ஏதோ நான் அடுத்த அறையில் இருப்பதுபோல. படித்த புத்தகங்களெல்லாம் தலைக்குள் அடுக்கியபடியே இருக்க, ஒரு செவிலியிடம் போர்வை கேட்க முடியாமல் கிடந்தேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணின் பெயர் ரேவதி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சின்ன வயது, நல்ல அக்கறை. ஆனால் இரண்டு தளங்களுக்கு அவள் ஒருத்திதான். முதல் நாள் அவள் என் கணவரிடம் கேட்டாள்: வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?

“தமிழ்தாங்க மேடம்” என்றார் சேகர்.

அவர் பொய் சொல்லவில்லை. என்னோடு அவர் பேசுவது தமிழ். நித்யாவும் தமிழ். நானே அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், வங்கி என்று எங்கே கேட்டாலும் எங்கள் பக்கத்துத் தெலுங்கு வீட்டுக்காரர்கள் தமிழ் என்றே சொல்லிப் பழகியவர்கள். தெலுங்கு, வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் செருப்பு மாதிரி. அதைக் கணக்கில் காட்ட வேண்டும் என்று தோன்றுவதே இல்லை. ஆனால் நான் நாகலாபுரத்துக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லைக்குள், நெல் பயிரிடும் வீட்டில் பிறந்தவள். ஊத்துக்கோட்டைப் பள்ளிக்கு பஸ்ஸில் வந்துதான் தமிழ் படித்தேன். அம்மாவோடு தினமும் போனில் பேசுவது தெலுங்கு. எண்ணுவது தெலுங்கு. இடித்துக்கொண்டால் கத்துவது தெலுங்கு.

ரேவதி ஒரு படத்தைக் காட்டினாள். குடை. எனக்குள் ஏதோ அசைந்தது, தடையில்லாமல் மேலே வந்தது.

“கொடுகு” என்றேன்.

தெலுங்கில் குடைக்கு அதுதான் பெயர். நோய் வந்த பிறகு நான் சரியாகச் சொன்ன முதல் சொல் அது. ரேவதி தலையை மெல்ல ஆட்டி, “இல்லம்மா, நல்லா பாத்து சொல்லுங்க” என்று கனிவாகச் சொல்லிவிட்டுத் தன் தாளில் எழுதினாள். என் கணவரைப் பார்த்தேன். எல்லையில் லாரி புக்கிங் அலுவலகம் வைத்திருப்பவர் அவர். கொடுகு தெரியாதவர் அல்ல. அவர் முகத்தில் ஒரு கணம் மகிழ்ச்சி வந்து போனது. பிறகு என் தோளைத் தட்டி, “தமிழ்ல சொல்லு வசு” என்றார்.

போகும்போது ரேவதி சொன்னது இவ்வளவுதான்: இப்போதைக்கு ஒரே மொழியில் ஆரம்பிக்கலாம், பல மொழி வேண்டாம், குழம்பும். அது எங்கள் வீட்டார் கைக்கு வந்ததும் சட்டமாகிவிட்டது. மாத்திரைக்குக் காட்டும் அதே கண்டிப்பை சேகர் இதற்கும் காட்டினார். தெலுங்கு என்பது எனக்கு ஆகாத உணவு போல ஆயிற்று. ஊரிலிருந்து அலறியடித்து வந்த அம்மாவை வார்டு வாசலிலேயே நிறுத்தி விவரத்தைச் சொல்லிவிட்டார்கள். அம்மா உள்ளே வந்து என் கையைப் பிடித்தாள். உதடு அசைந்தது. புடவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். நான் பேச்சிழந்ததைப் பார்த்து அழுகை தாங்கவில்லை என்று நினைத்தேன். அவள் மூடிக்கொண்டது அழுகையை அல்ல.

அன்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நித்யா கல்லூரிக்குப் போகுமுன் என் தலையைப் பின்னிவிட்டுப் போவாள். சேகர் என் நகங்களை வெட்டிவிடுவார், ஆட்டோ கண்ணாடியைத் துடைப்பவர்போல நாக்கைக் கடித்துக்கொண்டு. காப்பீட்டுக்காரர்களின் அனுமதி வராத நாட்களில், பில் கட்டும் ஜன்னலில் நின்றுவிட்டு வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டுதான் என் முன்னால் உட்காருவார். பக்கத்துக் கட்டில் அம்மாளின் மருமகள் எனக்கும் சேர்த்து ரசம் கொண்டுவருவாள். இத்தனை அன்பும் என்னைச் சுற்றி நின்று, ஒரே ஒரு வாசலை மட்டும் சாத்தி வைத்திருந்தது. அதைத் திறங்கள் என்று சொல்ல எனக்குச் சொல் இல்லை. கோபம் வந்தால் இடது கையால் தம்ளரைத் தள்ளிவிடுவேன். இந்த நோயில் கோபம் வருவது இயல்பு என்று அவர்களுக்கு யாரோ விளக்கியிருந்தார்கள். அதனால் என் கோபத்துக்கும் பொருளில்லாமல் போயிற்று.

ஒரு மாலை ஆலையிலிருந்து பிரசாந்த் வந்தான். தலைக்கவசம் உருண்டபோது ஓடிவந்த ஒடிசாக்காரன் அவன்தான். பிஸ்கட் பொட்டலத்தோடு கூச்சமாக நின்றவனைப் பார்த்ததும், “பைட்டோ, பைட்டோ” என்றேன். உட்கார் என்று இந்தியில். சத்தமாக, பிசகில்லாமல், வகுப்பில் சொல்லுவதைப் போலவே. அவன் உட்கார்ந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. சேகருக்கு வரவில்லை.

“எனக்கு ஒரு வார்த்த வரல. அவனாண்ட மட்டும் பேசுறியே, இன்னா நாயம் வசு இது?” என்றார், பாதி விளையாட்டாக. மீதிப் பாதி விளையாட்டு இல்லை. பிரசாந்த் டீ கூடக் குடிக்காமல் போனான்.

அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகுதான் அவள் ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். தமிழ் கற்றுக்கொள்வது என்ற முடிவு.

அவளுக்குத் தெரிந்த தமிழ் ஊத்துக்கோட்டைக் கடைத்தெருவின் தமிழ். கடைக்காரரோடும் கண்டக்டரோடும் பேசுவது. இப்போது காத்திருக்கும் கூடத்தில் நோயாளிகளோடு வந்திருந்த பெண்களிடம் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளாகக் காட்டிக் கேட்டாளாம். எழுபது வயதில். நித்யா வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சில நாட்கள் கழித்து அம்மா என் கட்டிலருகே வந்து, பரீட்சைக்கு நிற்கும் பிள்ளைபோல நிமிர்ந்து, தமிழில் கேட்டாள்:

“நீங்க சாப்ட்டீங்களா?”

என்னைப் பெற்றவள். அவள் கற்ற தமிழ் முழுவதும் அந்நியரிடம் பேசும் தமிழ் என்பதால், அதில் எனக்கும் அந்நியருக்குரிய மரியாதைதான் கிடைத்தது. நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். தான் சொன்னதில் ஏதோ தவறு என்று நினைத்து, அம்மா இன்னும் தெளிவாக, இன்னும் மரியாதையாக அதையே மறுபடி கேட்டாள்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகும் சட்டம் தளரவில்லை. கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டில், என் அறையில், அம்மா கீரை ஆய்ந்துகொண்டும் துணி மடித்துக்கொண்டும் ஊமையாக நடமாடினாள். போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினாள், என் காதில் தெலுங்கு விழக்கூடாதென்று. தமிழில் நான் ஓரிரு சொற்கள் முன்னேறியிருந்தேன். ஆனால் அம்மாவைப் பார்த்தால் வாய் தெலுங்குக்குத் தயாராகும். உடனே யாராவது நிறுத்துவார்கள். நிறுத்தியதும் தமிழும் சேர்ந்து நின்றுவிடும். அவர்கள் பார்த்தது என்னவோ இதைத்தான்: அம்மா அறையில் இருந்தால் நான் தடுமாறுகிறேன்.

ஒருநாள் கூடத்தில் அம்மா தன் புதிய தமிழில் சேகரிடம் பேசுவது கேட்டது.

“நான் ஊருக்கு போறேனுங்க மாப்ள. நான் பக்கத்துல இருந்தா அவங்களுக்கு பேச்சு வராதுங்க.”

“உங்கள யாரு அத்த போவச் சொன்னது?” என்றார் சேகர். நிஜமாகவே பதறிப்போய்ச் சொன்னார். “இங்கியே இருங்க. பேசாம இருந்துக்கினா போதும்.”

அம்மா தன் புடவைகளைத் துணிப்பையில் அடுக்கத் தொடங்கினாள். திருவள்ளூர் மருத்துவமனையில் அடுத்த பரிசோதனை இருந்தது. அங்கே வரைக்கும் எங்களோடு வந்து, அங்கிருந்து ஊத்துக்கோட்டைப் பஸ் ஏறிவிடுவதாக நித்யாவிடம் சொல்லியிருந்தாள். பரிசோதனை நாளன்று வாடகைக் காரில் அவள் மடியில் அந்தத் துணிப்பை இருந்தது. பெரியபாளையம் தாண்டும்வரை அந்தப் பையின் காதையே பார்த்துக்கொண்டு வந்தேன். போகாதே என்பதற்கு எனக்கு மூன்று மொழிகளில் சொல் தெரியும். மூன்றும் தொண்டைக்குக் கீழே கிடந்தன.

ரேவதியின் அறைக்குள் நானும் சேகரும் போனோம். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். கதவு முழுதாகச் சாத்தவில்லை. ரேவதி படங்களை எடுத்தாள். சாவி. சொல்ல முடியவில்லை. மாடு. ‘மா’ என்று தொடங்கி நின்றேன். என் கண் கதவிடுக்கில் இருந்தது. அம்மா பஸ் காசை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். நான் எழுந்தேன். இழுக்கும் காலை இழுத்துக்கொண்டு போய், கதவைத் தள்ளி, அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் பயந்து தலையை ஆட்டினாள். விடவில்லை. சேகர் எழுந்து, “வசு, இன்னா பண்ற, உக்காரு” என்றார். ரேவதிதான் இருக்கட்டும் சார், அவர்களும் உள்ளே வரட்டும் என்றாள். அம்மாவை என் நாற்காலிக்கு அடுத்த நாற்காலியில் உட்காரவைத்தேன். பை கீழே விழுந்தது.

அடுத்த படம் ஏணி. நான் படத்தைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன்.

“நிச்செனா” என்றேன்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. உடனே தலைப்பு வாய்க்குப் போனது. சேகர் “தமிழ்ல” என்று தொடங்கினார். ரேவதி பேனாவைத் தாளுக்குக் கொண்டுபோனாள். நான் இடது கையை விரித்து அந்தத் தாளின் மேல் வைத்து அழுத்தினேன். எழுத விடவில்லை. எழுத விடாமல், அம்மாவின் பக்கமாகத் தலையை அசைத்துக்கொண்டே இருந்தேன். சின்னக் குழந்தையின் அடம்போல இருந்திருக்கும். வெட்கமாகத்தான் இருந்தது, கையை எடுக்கவில்லை.

ரேவதி என் கையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். “பாட்டி, இப்ப அவங்க சொன்னது ஒரு வார்த்தையா?”

அம்மா மருமகனைப் பார்த்தாள். சேகர் தரையைப் பார்த்தார்.

“வார்த்தைதாங்க” என்றாள் அம்மா மெதுவாக. “தெலுங்குங்க. ஏணி. சரியாதான் சொல்றா.”

ரேவதி தன் பழைய தாள்களைப் புரட்டினாள். கொடுகு என்றால் என்ன என்று கேட்டாள். அம்மா சொன்னாள். ரேவதி பேனாவை மூடி வைத்துவிட்டு, சேகரிடம் திரும்பினாள். அவள் குரலில் எரிச்சல் இருந்தது.

“வீட்ல தமிழ்னுதானே சார் சொன்னீங்க? எனக்குத் தெலுங்கு தெரியாது. நான் இதையெல்லாம் நோயால வர்ற உளறல்னு எடுத்துக்கிட்டேன். இவங்க அம்மா பேசக்கூடாதுன்னு நான் எப்ப சொன்னேன்?”

“தெலுங்கு அவ அம்மாவாண்ட பேசுறது மேடம்” என்றார் சேகர். “அது ஊட்ல பேசுறதுல எங்க வருது?”

கேட்ட பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது போலிருக்கிறது. பிறகு தணிந்த குரலில், “அப்ப நான்தான் பேச வுடாம வெச்சிருந்தனா?” என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு விருப்பம். உண்மையும் முழுக்க அது அல்ல. ஆனால் அந்தப் பாதி உண்மையைச் சொல்லவும் அன்று என்னிடம் தமிழ் போதவில்லை. அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள விட்டார்.

தெலுங்கில் பயிற்சி கொடுக்க அங்கே ஆளில்லை, இனி வரும்போதெல்லாம் அம்மாவையும் அழைத்து வாருங்கள், எந்தச் சொல் எந்த மொழியில் வந்தாலும் வரட்டும், வந்த இடத்திலிருந்து தமிழுக்கு நடக்கலாம் என்றாள் ரேவதி. இன்றுவரை அப்படித்தான் நடக்கிறோம். இதையெல்லாம் முதல் வாரத்தில் என்னிடமே கேட்டிருக்கலாமே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பேச முடியாதவளிடம் கேட்பது எப்படி என்பீர்கள். மூன்று மொழியிலும் ஒவ்வொரு படத்தைக் காட்டியிருந்தால் என் கண்ணே சொல்லியிருக்கும். பேச்சிழந்தவரின் வீட்டார் இதைப் படித்தால், அவர் யார் யாரோடு எந்தெந்த மொழியில் பேசுவார் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

சேகர் அலுவலக வேலையாகச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. திருவள்ளூர் ரயிலடியில் இறங்கும்போது துணிப்பையை எடுத்து காரின் பின்பக்கம் வைத்துவிட்டு, “அத்த, ஊட்டுக்குப் போங்க” என்றார். எந்த ஊட்டுக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கார் கிளம்பியது. நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன். இத்தனை வாரமாகச் சேர்த்து வைத்திருந்ததில் ஏதாவது ஒன்றையாவது, எவ்வளவு நேரமானாலும், தெலுங்கில் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அம்மா அதற்குள் ஆரம்பித்துவிட்டாள். மருத்துவமனை இட்லியின் புளிப்பில் ஆரம்பித்தாள். தமிழில் எல்லாவற்றுக்கும் எத்தனை ‘ங்க’ போடுவது என்றாள். உன் தம்பி மனைவி போனில் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை, எருமை கன்று போட்டுவிட்டது, மொட்டை மாடி வெயிலில் நின்று பேசிப் பேசித் தனக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது, என் பெண் என்ன விஷமா தின்றுவிட்டாள் என் பேச்சைக் கேட்டால் சாக, உன் புருஷன் நல்லவன்தான் ஆனால் ஒன்றும் தெரியாது, நீயாவது பிறந்ததிலிருந்து எதையாவது நேராகச் சொல்லியிருக்கிறாயா என்று, பெரியபாளையம் வந்தும் நிற்கவில்லை, கவரைப்பேட்டை வந்தும் நிற்கவில்லை. நடுவில் ஒரு சொல் நுழைக்க இரண்டு முறை முயன்றேன். கையை உயர்த்தி, இரு, முடிக்கிறேன் என்று தடுத்துவிட்டாள். சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தேன். வீடு வரும்வரை நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்று அதற்கு நோய் காரணமில்லை.